அறிவு மாறுமுறையும் அளவை வேறுபாடும்

நூலறிவு காலந்தோறும் மாறுகின்றது. முன்னோர் மெய்யென்று கொண்டதொன்றைப் பின்னோர் விடுத்து வேறொன்றனை மெய்யென்று கொள்ளுதல் எல்லா நாட்டினும் எல்லாத் துறையினும் நிகழ்கின்றது. இம்மாற்றம் யாங்ஙனம் நிகழ்கின்றது, எதனைக் கருவியாகக் கொண்டு நிகழ்கின்றது என்று ஆராயப்புகுவார் யாவரும் முதற்கண் எடுத்தாளுஞ் சொல் 'முறை' என்பதாம். 'பழைய முறை தவறு, புதிய முறை சரி' என்பார் ஒருசாரார். 'எம் முறை தொன்றுதொட்டு வந்தது, அதனை மாற்றுதற்கு நீவிர் யாவிர்?' என்பார் மற்றொருசாரார். இருவரும் ஒரு சொல்லையே வழங்குகின்றனர். ஆயினும் அச்சொற்கு அவர் கொண்ட பொருள் வெவ்வேறாம். பொருள் வேறுபடச் சொல் ஒன்றாய் நின்றவழி வழக்கு முடிவின்றி நீளுமன்றி உண்மை வெளிப்படாது. ஆகலின், முறை என்பதன் வகைகளைப் பகுத்து வரையறுத்தல் முதற்கண் வேண்டப்படுவதொன்றாம். அதனை நம் நாட்டு வழக்கொன்றனையே காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வழக்கு இன்னதென்பது

தமிழ்நாட்டில் பஞ்சாங்கம் இருவகைத்து. ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். வாக்கியமாவது, ஞாயிறு திங்கள் முதலியவற்றின் நிலைகளைக் குறிக்கும் எண்களைச் சொற்றொடர்களாக அமைத்து நெட்டுருச் செய்து, அவற்றைக் கொண்டு திதி, நாண்மீன் முதலியவற்றைக் கணிப்பது. திங்களுக்குரிய வாக்கியங்கள் 248. இவை வரருசி என்பார் பெயரால் வழங்குவன. திங்கள் தன் பாதையிற் பூமிக்கு மிக அணித்தாகும் இடத்தினின்றும் புறப்பட்டு மீண்டும் அந்நிலையெய்துதற்கு ஏறக்குறைய இருபத்தேழரை நாள் செல்லும். அங்ஙனம் ஒன்பது சுற்று முடிதற்கு 248 நாள் ஆகின்றமையின் வாக்கியங்களும் அத்தொகையின ஆயின. இன்னும் நுண்ணிதாக 110 சுற்றுக்கு 3,031 நாளும், 449 சுற்றுக்கு 12,372 நாளும் கொண்டனர். கடபயாதி என்னும் எழுத்தெண் முறையால் 'தேவரம்' என்னுஞ் சொல் 248 என்னும் எண்ணைத் தருதலை அம்முறையறிந்தார் எளிதின் உணர்வர். தகரம் எட்டு, வகரம் நான்கு, ரகரம் இரண்டு. வலமிருந்து இடமாகப் படித்தால் 248 ஆம்.

திருக்கணிதமாவது, வானத்தை நேரே நோக்கி அறிந்த அளவுகளுக்கு இயையக் காலந்தோறும் திருத்தப்பெற்ற கணக்கால் அமைவது. தமிழகத்தில் இக்காலத் திருக்கணிதத்திற்கு வித்திட்டோருள் ஒருவர் சென்னை வானாய்வுக் கூடத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார். இவர் 1867ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றனைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டில் சுக்கிரன் ஞாயிற்றைக் கடந்து செல்லும் நிகழ்ச்சியைப் பற்றித் தமிழ் முதலிய மொழிகளில் நூல் வெளியிட்டவர். 1880ஆம் ஆண்டில் மறைந்தவர். காட்சியோடு பொருந்தும் பஞ்சாங்கம் வேண்டுமென்று முயன்று அதனை அவர் வெளியிட்டார்.

இவ்விரண்டுந் தம்முள் வேறுபடுதல் சிறிதன்று. திருநள்ளாற்றுக் கோயிலில் வாக்கியத்தின்படி சனிப்பெயர்ச்சி விழா நிகழும். 2020ஆம் ஆண்டில் திருக்கணிதம் ஜனவரி 24ஆம் நாள் பெயர்ச்சி என்றது. வாக்கியம் டிசம்பர் 27 என்றது. 2023ஆம் ஆண்டில் திருக்கணிதம் ஜனவரி 17 என்றது. வாக்கியம் டிசம்பர் 20 என்றது. இருமுறையும் இடைப்பட்ட காலம் பதினொரு திங்கள். கோயில் தன் மரபுப்படி டிசம்பரிலேயே விழாக் கொண்டாடிற்று.

சனிப்பெயர்ச்சியே அன்றி, வலையபட்டி முதலிய நகரத்தார் ஊர்களில் வீடுதோறும் எடுக்கப்படும் பிள்ளையார் நோன்பும் இவ்வழக்கிற் படுவதே. திருக்கார்த்திகை தொடங்கி இருபத்தோராம் நாள், சட்டித் திதியும் சதய நாண்மீனும் கூடும் பொழுதில், இருபத்தோரிழைத் திரியிட்டு ஏற்றி இழை எடுத்துக்கொள்ளுதல் அவர் மரபு. கடல் கடந்து பர்மா, மலேயா, இலங்கை சென்றிருந்த காலத்தும் அதனை அவர் கைவிட்டிலர். சட்டி எப்பொழுது தொடங்குகின்றது, எப்பொழுது முடிகின்றது என்பதனை எக்கணக்காற் கொள்வது என்னும் வினா அவர்க்கு வெறுஞ் சொற்போராகாது. குடும்பத்தார் அனைவரும் ஒருங்கு கூடும் பொழுதைப் பற்றியதாம்.

முறை என்னுஞ் சொல்லின் மூவேறு பொருள்

இனி, முறை என்னுஞ் சொல்லால் ஈண்டு உணர்த்தப்படுவன யாவை எனின், மூன்றென்க.

முதலாவது, கணிக்கும் முறை. அஃதாவது விடையைப் பெறுதற்குரிய தொழிற்பாடு. வாக்கியங்களைக் கூட்டிக் கழித்தலும், அட்டவணை கொண்டு பெருக்கலும், இக்காலத்துக் கணிப்பொறியால் வருவித்தலும் இவ்வகைய.

இரண்டாவது, மதிக்கும் முறை. அஃதாவது பெற்ற விடையை ஏற்பதா தள்ளுவதா என்று துணிதற்குரிய அளவுகோல். நம் நூலோர் அளவை என்பது இதனோடு இயைபுடைத்து.

மூன்றாவது, ஓதும் முறை. அஃதாவது 'யாம் இவ்வளவைகொண்டே துணிகின்றோம்' என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்ளும் விதி. இஃது அவர் உண்மையிற் கைக்கொள்ளும் அளவையோடு ஒத்தும் இருக்கலாம்; ஒவ்வாதும் இருக்கலாம்.

இம்மூன்றும் வேறாதலைக் காட்டுதற்கு வரலாற்றில் தக்க சான்றுண்டு. ஆங்கிலேயப் படைத்தலைவருள் ஒருவராகிய ஜான் வாரன் என்பார் 1825ஆம் ஆண்டிற் சென்னையில் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்டனர். அவர் புதுச்சேரியிற் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டு, அவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட சொற்களின் துணையால் சந்திரகிரகணமொன்றைக் கணித்த வகையை எழுதிவைத்தார். அது 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களின் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணம். அவர் கணக்கு, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைத்தது. அக்கணிதர் சோதிட நூற்கொள்கைகளை ஒருசிறிதும் அறியார் என்றும், ஆயினும் வியத்தகு நினைவாற்றலுடையார் என்றும் வாரன் குறித்தார். 1952ஆம் ஆண்டில் ஆட்டோ நியூகெபௌவர் என்னும் வரலாற்றறிஞர் இதனை ஆராய்ந்து, அக்கணக்கின் பிழையன்று கருதத்தக்கது, பாபிலோனியக் களிமண் ஏடுகளிற் காணப்படும் கணக்குநெறியோடு உறவுடைய ஒரு மரபு 1825 வரை அறாது வந்துள்ளமையே கருதத்தக்கது என்று காட்டினார்.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளற்பாலது யாது? அக்கணிதர்பாற் கணிக்கும் முறை முழுமையாக இருந்தது. மதிக்கும் முறை இல்லை. தம் விடை வானத்தோடு பொருந்தியதா என்று நோக்கித் திருத்துதற்குரிய அளவுகோல் அவர் கல்வியில் இடம்பெறவில்லை. ஆதலால் அம்மரபு சிதையாது வந்தது; அதனாலேயே திருந்தாதும் வந்தது. பழமையைப் போற்றுவார் அதன் சிதையாமையைக் கண்டு மகிழ்கின்றனர். புதுமையை வேண்டுவார் அதன் திருந்தாமையைக் கண்டு இகழ்கின்றனர். இரண்டும் ஒரே காரணத்தால் விளைந்தவை என்பதனை இருவரும் நோக்கிற்றிலர்.

தேர்வின் இடம் பிழையை மறைத்தல்

மதிக்கும் முறை உடையார்க்கும் அஃது எவ்வியல்பினது என்று அறிதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டு வானூலாராகிய லெ ஜாந்தீ என்பார், 1769ஆம் ஆண்டிற் சுக்கிரன் ஞாயிற்றைக் கடத்தலைக் காணப் புதுச்சேரியிற் காத்திருந்து, உரிய பொழுதில் மேகம் மறைத்தமையால் காணாதொழிந்தார். ஆயினும் அங்குத் தங்கிய காலத்தே தமிழரிடம் கிரகணங் கணிக்கும் வகையைக் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாட் சந்திரகிரகணத்தின் கால நீட்சியைத் தமிழர் கணக்கு 41 வினாடி குறைத்துக் காட்டிற்று. அக்காலத்து ஐரோப்பாவிற் சிறந்ததென மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி மிகுத்துக் காட்டிற்று.

இஃதொன்றையே கண்டார், வாக்கியக் கணக்கே உயர்ந்தது என்பர். வாரன் காட்டிய 52 நிமிடப் பிழையொன்றையே கண்டார், அது தாழ்ந்தது என்பர். ஒரு நிகழ்ச்சி கொண்டு துணிதல் எத்துணை ஏமாற்றுடைத்து என்பது இதனாற் பெறப்படும்.

இதனினும் ஆழ்ந்ததொன்றுண்டு. திங்களின் இயக்கத்தில் ஞாயிற்றின் ஈர்ப்பால் விளையும் வேறுபாடொன்று, அமாவாசையினும் பௌர்ணமியினும் பெரும்பாலும் மறைந்துபோம். அட்டமியையொட்டி மிகப் பெரிதாம். அப்பொழுது திங்களின் உண்மைநிலை பழைய கணக்கினின்றும் ஏறக்குறைய 2½ பாகை வரை விலகும். காலக்கணக்கில் அது பன்னிரண்டு நாழிகையளவும் செல்லும். கிரகணங்களோ அமாவாசை பௌர்ணமிகளிலேயே நிகழ்வன. ஆகவே, கிரகணத்தை மட்டுமே தேர்வுக்களமாகக் கொண்டார்க்கு இவ்வேறுபாடு வெளிப்படுதற்கு இடமேயில்லை. 'எம் கணக்கு கிரகணத்தோடு பொருந்துகின்றது. ஆதலின் திதியெல்லாம் பொருந்தும்' என்னும் அனுமானம் இவ்விடத்துத்தான் வழுவிற்று. கிரேக்க நாட்டார்க்கும் முதலில் இந்நிலையே நேர்ந்தது; கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துத் தாலமி திங்களை அரைமதி நாட்களினும் நோக்கியபோதே அது வெளிப்பட்டது. நம் நாட்டில் 932ஆம் ஆண்டையொட்டி லகுமானசம் இயற்றிய மஞ்சுளாசாரியார் இத்தகைய திருத்தமொன்றைக் கூறினர். ஆயினும் வாக்கிய வழக்கில் அஃது இடம்பெற்றிலது.

சட்டித் திதியோ அட்டமியை அடுத்து நிற்பது. ஆகலின் பிள்ளையார் நோன்பின் பொழுதைக் குறிக்குங்கால் இரு கணக்கும் பெரிதும் வேறுபடுதற்கு இடமுண்டு. தமிழர் வீட்டு நோன்பொன்று, வானநூலார் பல நூற்றாண்டு கண்டுகொள்ளாத நுண்மையொன்றன்மேல் அமர்ந்துள்ளமை நோக்கத்தக்கது.

கொள்கையினின்றும் பிறக்கும் அளவை

அளவுகோல் கொள்கைக்கு முற்பட்டது, கொள்கை அதனால் அளக்கப்படுவது என்றே பொதுவாக எண்ணுகின்றோம். ஆயின் அளவுகோலே ஒரு கொள்கையினின்றும் பிறத்தலும் உண்டு. வாக்கிய வழியினர் 'பாணவிருத்தி ரசக்ஷயம்' என்றொரு விதி கூறுவர். திதியொன்று அறுபது நாழிகையின் மேல் ஐந்து நாழிகை வரை வளரும், ஆறு நாழிகை வரை தேயும் என்பது அதன் பொருள். அஃதாவது எத்திதியும் 65 நாழிகைக்கு மேற்படாது, 54 நாழிகைக்குக் கீழ்ப்படாது. திருக்கணிதத்தில் திதி ஏறக்குறைய 50 நாழிகையளவு குறைதலும் 67 நாழிகையளவு வளர்தலும் காணப்படும். 'விதியைக் கடந்தமையின் திருக்கணிதம் பிழை' என்று இதுகொண்டு மறுப்பார் உளர்.

இம்மறுப்பை ஆராயின், அவ்விதி யாண்டிருந்து வந்தது என்று வினவுதல் வேண்டும். திங்களுக்கு மேற்கூறிய வேறுபாடு இல்லையென்று கொண்ட கணக்கினின்றே அவ்வெல்லை பெறப்பட்டது. எனவே அக்கணக்கை மறுக்கும் ஒன்றை அக்கணக்கின் பயனாகிய விதியால் அளத்தல், வாதியைத் தன் வழக்கிற்குத் தானே நடுவனாக இருத்துதலை ஒக்கும்.

எனினும் இதனை அறியாமையென்று இகழ்தல் தகாது. எல்லா நாட்டு நூலோரும் இவ்வாறே செய்துள்ளனர். தாம் மெய்யெனக் கொண்டவற்றிற்கு இயைய அளவுகோலை அமைத்தலும், கொள்கை மாறியவழி அளவுகோலையும் மாற்றுதலும் அறிவுத்துறையனைத்திற்கும் பொது. புதியதொரு மருந்தின் பயனைச் சோதிப்பார், நோயாளர் மருந்துண்டோம் என்னும் எண்ணத்தாலேயே குணமடைதலும் உண்டு என்று அறிந்த பின்னரே, மருந்தல்லாத பொய்ம்மாத்திரையை ஒருசாரார்க்குக் கொடுத்து ஒப்பிடும் வழக்கத்தைக் கொண்டனர். ஆண்டும் அளவுகோல் அறிவினின்றே பிறந்தது. ஆகலின் குற்றம் அளவுகோல் கொள்கையிற் பிறத்தலன்று. அஃது எக்கொள்கையிற் பிறந்தது என்பதனை மறத்தலே குற்றம்.

மேனாட்டார் ஆராய்ச்சி

அறிவு மாறும் இயல்பை மேனாட்டறிஞர் சென்ற நூற்றாண்டிற் பலபட ஆராய்ந்தனர். கார்ல் பாப்பர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொய்ப்பிக்கப்படுதற்கு இடந்தருவதே அறிவியற் கொள்கையென்று எல்லை வகுத்தார். தாமஸ் கூன் 1962ஆம் ஆண்டில், ஒரு காலத்தறிஞர் அனைவரும் ஒரு முன்மாதிரியைப் பற்றிநின்று ஆராய்கின்றனர் என்றும், அம்முன்மாதிரி பெயரும்போது அளவுகோலும் உடன் பெயர்கின்றது என்றும் கூறினார். பால் பயராபெண்டு 1975ஆம் ஆண்டில், எக்காலத்திற்கும் பொருந்தும் முறையொன்று இல்லவேயில்லை என்று வாதிட்டார். தொரொந்தோ நகரத்து ஹாகோப் பார்செகியான் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அறிஞர் வெளிப்படையாக ஓதும் விதியும், அவர் உண்மையிற் கைக்கொள்ளும் அளவையும் வேறென்று பகுத்து, மாற்றத்தை ஆராய்வார் பின்னதனையே பற்றுதல் வேண்டுமென்றார்.

இப்பகுப்பு மிகப் பயனுடைத்து. வாயால் ஓதுவதொன்றைக் கேட்டு ஒருவரது அளவை இன்னதென்று துணிதல் கூடாது. எதனை ஏற்றார், எதனைத் தள்ளினார் என்னுஞ் செயலை நோக்கியே துணிதல் வேண்டும். 'ஆகமமே எமக்குப் பிரமாணம்' என்பார் பலர், தம் வீட்டில் அச்சிட்டு வந்த பஞ்சாங்கத்தை ஆகமத்தோடு ஒப்பிட்டு நோக்கினாரல்லர். முந்தையோர் வாங்கியதை வாங்கினர். அவரது அளவை வழக்கமேயன்றி ஆகமமன்று. 'காட்சியே எமக்குப் பிரமாணம்' என்பார் பலரும் ஒருநாளேனும் திங்களை வானத்தில் நோக்கி நாண்மீனோடு பொருத்திப் பார்த்தாரல்லர். வேறொருவர் கண்டதை நூல்வழி நம்பினர். அவரது அளவையும் உரையளவையேயாம். உரையளவையை மேற்கொள்ளுதல் இழுக்கன்று. அதனைக் காட்சியென்று பெயர்மாற்றிக் கூறுதலே இழுக்கு.

இவ்விடத்துச் சிவஞானசித்தியாரின் அளவையியல் நினைவுகூரத்தக்கது. அருணந்தி சிவாசாரியர் பிறர் கூறும் அளவைகள் பலவற்றையும் எடுத்தோதி, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றார். பொருளை ஆராய்தற்கு முன்னர் அளவையை ஆராய்ந்தமையே அவர் நமக்குக் காட்டிய நெறி. எவ்வளவையால் அறிகின்றோம் என்பதனை அறியாதான், தான் அறிந்ததனையும் உள்ளவாறு அறிந்தானாகான்.

மதிக்கும் முறையின் வகை

இனி, மதிக்கும் முறையினையும் அது விடைகூறும் வினா நோக்கி மூன்றாகப் பகுத்தல் வேண்டும்.

ஒன்று, எல்லையளவை. இஃது இத்துறைக்கு உரியதா என்று வினவுவது. பஞ்சாங்கத்தில் திதி, வாரம், நாண்மீன், யோகம், கரணம் என்னும் ஐந்தும் உள. திதி இத்துணை நாழிகை என்பது வானக்கணக்கிற்கு உரியது. அத்திதியில் இன்ன செயல் நன்று என்பது வானக்கணக்கிற்கு உரியதன்று. பின்னதைத் தொலைநோக்கியால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

இரண்டு, கோடலளவை. இதனை மெய்யென்று கொள்ளலாமா என்று வினவுவது. வானத்தில் திங்கள் இன்ன இடத்தில் நிற்கின்றது என்னுங் கூற்றிற்கு ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியும், அதன் வழிப்பட்ட கருதலுமே கோடலளவையாதற்கு உரியன.

மூன்று, உடனிலையளவை. தம்முள் வேறுபட்ட இரண்டினை ஒரு கூட்டத்தார் ஒருங்கு வைத்துக்கொள்ளலாமா என்று வினவுவது. இதற்குச் சேர நாடு சிறந்த சான்று. ஆண்டு 683ஆம் ஆண்டில் அரிதத்தர் வகுத்ததாகக் கூறப்படும் பரகிதம் என்னுங் கணக்கு வழங்கியது. பரமேசுவரர் என்பார் ஐம்பத்தைந்தாண்டு காலம் கிரகணங்களையும் கோள்நிலைகளையும் நேரே நோக்கிப் பரகிதம் வழுவுதலைக் கண்டு, 1431ஆம் ஆண்டில் திருக்கணிதம் என்னும் புதிய கணக்கை அமைத்தார். அதன் பின்னர்ச் சேரநாட்டார் பரகிதத்தை எறிந்துவிட்டாரல்லர். சடங்குகளுக்கு நல்ல பொழுது குறித்தற்குப் பரகிதமும், பிறப்போலைக்கும் கிரகணத்திற்கும் திருக்கணிதமுமாகப் பகுத்து வழங்கினர். இரண்டும் வானத்தைப் பற்றிய ஒரே மெய்யென்று அவர் கொண்டாரல்லர். இரண்டற்கும் வெவ்வேறு பயன் வகுத்துக்கொண்டனர்.

இதனால், மெய்யென்று கொள்ளுதலும் பயனுக்கு எடுத்துக்கொள்ளுதலும் வேறென்பது போதரும். நில அளப்பார் பூமி தட்டையென்று வைத்துக்கொண்டே ஊர்ப்புறத்து வயலை அளக்கின்றனர். அதனால் அவர் பூமி உருண்டையன்று என்று கொண்டாராகார்.

ஐயமும் அதற்கு விடையும்

அற்றேல், கோயில்களும் குடும்பங்களும் வாக்கியத்தையே பற்றிநிற்றல் குற்றமின்று என்று முடிந்ததன்றோ எனின், அத்துணை எளிதில் முடியாது. வலிய மறுப்பொன்று உண்டு. சட்டியில் நோன்பெடுக்க என்று முன்னோர் விதித்தபோது, அவர் குறித்தது வானத்தில் ஞாயிற்றினின்றும் திங்கள் 60 பாகை முதல் 72 பாகை வரை விலகிநிற்கும் பொழுதினையே. கணக்கு அப்பொழுதை அறிதற்குக் கருவியாக வந்தது. கருவி பிழைத்தபின்னும் அதனையே பற்றுதல், விதித்த பொருளை விட்டு வழிகாட்டிய கோலை வணங்குதலாம். அஃது உரையளவையைப் பின்பற்றுதலுமன்று. உரையின் கருத்தைக் கைவிடுதலாம்.

இம்மறுப்புப் பெரிதும் வலியுடைத்து. பரமேசுவரர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி 1504ஆம் ஆண்டையொட்டிச் சோதிர்மீமாஞ்சை என்னும் நூலை இதன்பொருட்டே இயற்றினர். முன்னோர் நூல்கள் காட்சியாலும் அதன் வழிப்பட்ட கருதலாலும் எழுந்தன. காலம் செல்லச் செல்ல அவை தளரும். பின்வந்தோர் மீண்டும் நோக்கித் திருத்துதலே அந்நூலாசிரியர்க்கு ஏற்புடைத்து என்பது அவர் கருத்து. முன்னோர் சொல்லைக் காத்தலினும் முன்னோர் செயலைச் செய்தல் மரபைப் பேணுதற்கு அணித்தென்பது இதனால் விளங்கும்.

ஆயினும் மறுதலைப்பக்கத்தும் ஒரு நேர்மையுண்டு. ஒரு நோன்பு முதற்கண் வானக்குறி நோக்கி எழுந்ததாயினும், பல தலைமுறை சென்றபின் அது கூடி வழிபடும் நாளாகவும் ஆகின்றது. கடல்கடந்த ஊரில் இருப்பாரும் சொந்த ஊரில் இருப்பாரும் ஒரே நாளில் இழை எடுக்கின்றோம் என்னும் உணர்வு அந்நோன்பின் உயிருள் ஒருகூறு. அக்கூறு தொலைநோக்கியால் அளக்கப்படுவதன்று. ஒரு வீட்டார் மட்டும் கணக்கை மாற்றி வேறுபொழுதிற் கொண்டாடின், வானத்தோடு பொருந்துவர், உறவினரோடு பொருந்தார். மேலும், திதி இரு நாட்களிற் பரவிநின்றவழி எந்நாளைக் கொள்வது என்பதும் வானம் விடைகூறும் வினாவன்று. உதயத்தில் உள்ளதைக் கொள்க, மாலையில் உள்ளதைக் கொள்க என்பன வழக்கத்தால் அமைந்தன. திருக்கணிதம் கொண்டாரும் இவ்வழக்கத்தைத் துறந்தாரல்லர்.

அங்ஙனமாயின் துணிபு யாது? வினாவை நோக்கி அளவையைக் கொள்க என்பதே துணிபு. கிரகண காலத்து நீராட்டுப் போல, வானத்து நிகழ்ச்சியையே உயிராகக் கொண்ட செயல்களில் காட்சியோடு பொருந்தும் கணக்கே கொள்ளற்பாலது. அங்குப் பிழைத்த கணக்கைப் பற்றின் செயல் தன் பொருளை இழக்கும். நினைவும் கூட்டமும் உயிராகக் கொண்ட விழாக்களில், கோயிலும் குடியும் தம் வழக்கப்படி நாள் கொள்ளுதல் குற்றமின்று. அதனை மாற்ற விரும்பின் ஒருவர் தனித்து மாற்றாது, கூட்டத்தார் அனைவரும் கலந்து மாற்றுதல் நன்று. ஆயின் இவ்விடத்து ஒரு கடப்பாடு உண்டு. 'இஃது எம் மரபு நாள்' என்று கூறுதல் மெய்; 'இந்நாழிகையில் சனி வானத்தில் ஓரிராசியினின்றும் மற்றோரிராசி புகுகின்றது' என்று அந்நாளுக்குக் கூறுதல் மெய்யன்று. முன்னது உடனிலையளவையாற் காக்கப்படும். பின்னது கோடலளவையால் தள்ளப்படும். பக்தன் ஒருவன் அந்நாளில் வந்து வணங்குதற்கு முன்னதே போதியது. பின்னதைக் கூறி அவனை அழைத்தல் வழிபாட்டிற்குத் தேவையுமன்று, சத்தியத்திற்கு ஏற்றதுமன்று.

இவ்வாறே திருக்கணிதம் கொண்டார்க்கும் கடப்பாடு உண்டு. தம் கணக்கு வானத்தோடு பொருந்துதலால், தம் பஞ்சாங்கத்துப் பலனுரையும் பொருந்தும் என்று கூறுதல் எல்லையளவையைக் கடத்தலாம். கோள் நின்ற இடம் மெய்யென்று நிறுவிய சான்று, அக்கோள் தரும் பயனை நிறுவுவதன்று. வாக்கியத்தாரது பிழை கணக்கிற் பட்டது. இஃது அளவையிற் பட்டது.

செய்யற்பாலது

பாரத அரசின் சார்பில் 1952ஆம் ஆண்டில் மேகநாத சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கத் திருத்தக் குழு 1955ஆம் ஆண்டில் தன் முடிபை வெளியிட்டது. 1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் முதல் தேசிய நாட்காட்டியும் வழக்கிற்கு வந்தது. ஆயினும் கோயில்களினும் இல்லங்களினும் பழைய வேறுபாடு நீங்கிற்றன்று. கணிக்கும் முறையைத் திருத்தினர். மக்கள் எவ்வளவையால் நாளை ஏற்கின்றனர் என்னும் வினா அவ்வாறே நின்றது. அவ்வினாவைத் தீர்த்தற்கு ஆணை உதவாது, தெளிவே உதவும்.

ஆகலின் பஞ்சாங்கம் வெளியிடுவார்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்தல் தகும். முதற்பக்கத்தில் இவை மூன்றனையும் எழுதுக: இக்கணக்கு எந்நூலின் வழிப்பட்டது, வானத்தோடு கடைசியாக எப்பொழுது ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, நோன்பு நாட்களை வானக்குறி பற்றிக் கொண்டதா, ஊர்வழக்குப் பற்றிக் கொண்டதா. இம்மூன்று வரிக்கு மை மிகுதியுஞ் செலவாகாது. படிப்பவன் தான் எவ்வளவையில் நிற்கின்றான் என்பதனை அறிந்து நிற்பான். அறிந்து நிற்பவன் மாற்றம் வேண்டியவழி அஞ்சாது மாறுவான்; வேண்டாதவழி நாணாது நிற்பான்.

முறை என்னும் ஒருசொல்லைக் கணித்தல், மதித்தல், ஓதுதல் என மூன்றாகப் பகுத்தும், மதித்தலை எல்லை, கோடல், உடனிலை என மூன்றாகப் பகுத்தும் கண்டோம். இப்பகுப்பு வானநூலுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவத்தினும், வரலாற்றினும், சமய நூலாராய்ச்சியினும், 'பழையது' 'புதியது' என்று வழக்கெழுமிடமெல்லாம் இதனைக் கொண்டு நோக்குக. ஏடொன்றன் காலத்தைப் பற்றிய பூசல், அவ்வேட்டின் மெய்ப்பொருளைப் பற்றிய பூசலாகத் திரிதலும், கணக்கொன்றைப் பற்றிய ஐயம் கடவுளைப் பற்றிய ஐயமாகத் திரிதலும் இதனால் தவிரும். எதனை எவ்வளவையால் அறிதல் வேண்டுமோ அதனை அவ்வளவையால் அறிதலே அறிவிற்கு ஒழுக்கம் என்பது.